முகதாட்சண்யமும் திரையும்

கடன் கேட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் இல்லையென்று சொல்ல முடியாமல் பையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறவர், அதே கோரிக்கை வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரே வரியில் மறுத்துவிடுகிறார். முகதாட்சண்யம் என்று நாம் சொல்லும் தயக்கம், பெயருக்கேற்ப, முகம் எதிரில் இருந்தால்தான் வேலை செய்கிறது.

இணையத்தில் இத்தயக்கம் தளர்வதற்கு அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் ஆறு காரணங்களைக் கூறினார். பெயர் மறைவு, உருவம் தெரியாமை, உடனே பதில் கேட்க நேராமை, பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடு மங்குதல், நடப்பதெல்லாம் விளையாட்டு என்ற எண்ணம் ஆகிய ஐந்தும் எளிதில் புரிபவை. எஞ்சியதே நுட்பமானது: குரல் கேட்காதபோது, பிறர் எழுதியதை நாமே ஒரு குரல் கொடுத்து மனத்துக்குள் வாசிக்கிறோம். 'சரி' என்ற ஒற்றைச் சொல், முந்தைய நாள் சண்டையிட்டவரிடமிருந்து வந்தால் அலட்சியமாக ஒலிப்பது இதனால்தான். நம் கோபத்தில் பாதி, நாமே கற்பனை செய்துகொண்ட ஆளின் மீது பாய்கிறது.

பெயர் மறைவே எல்லாவற்றுக்கும் மூலம் என்பது பரவலான நம்பிக்கை. தென்கொரியாவும் அவ்வாறே நம்பி, பெரிய இணையதளங்களில் எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டுமென 2007-இல் நடைமுறை கொண்டுவந்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் சுட்டிக்காட்டி, அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2012-இல் அதை ரத்து செய்தது.

அதே ஆண்டில் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட சோதனை இன்னும் துல்லியமானது. உயிர்காக்கும் மருந்து ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும் என்ற சிக்கலைக் கொடுத்து, 142 பேரை இருவர் இருவராக அரட்டையில் வாதிடச் செய்தார்கள். சிலருக்கு எதிராளியின் விவரம் தெரியும். சிலருக்கு உருவம் தெரியும். சிலரால் கேமரா வழியே கண்ணோடு கண் நோக்கவும் முடிந்தது. மிரட்டலும் வசவும் பெருகுவதற்கு, பெயர் தெரியாததைவிடக் கண்கள் சந்திக்காததே பெரிய காரணமாக இருந்தது. பேசும்போது எதிரில் ஒரு முகம் சுருங்கினால் வாக்கியத்தின் நடுவிலேயே குரலைத் தணித்துக்கொள்கிறோம். தட்டச்சு செய்யும் விரலுக்கு அந்தச் சுருக்கம் எட்டுவதில்லை.

(இதே தளர்வுதான், வீட்டில் யாரிடமும் சொல்லாத துயரத்தை முன்பின் அறியாத ஒருவரிடம் எழுதவும் வைக்கிறது.)

எதிராளியின் முகம் மறைவதோடு நில்லாமல், நமக்கே வேறு முகம் வாய்த்தால் என்ன ஆகும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் ஆகியோர் மெய்நிகர் உலகில் சிலருக்கு உயரமான உருவத்தையும் சிலருக்குக் குட்டையான உருவத்தையும் கொடுத்துப் பணம் பங்கிடச் சொன்னார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, உயர உருவம் பெற்றவர்கள் தமக்குச் சாதகமாகப் பேரம் பேசினார்கள். குட்டை உருவம் பெற்றவர்கள் அநியாயமான பங்கையும் அதிகமாக ஏற்றுக்கொண்டார்கள். 2009-இல் அவர்கள் வெளியிட்ட தொடர் ஆய்வில், தலையில் மாட்டியிருந்த மெய்நிகர்க் கருவியைக் கழற்றிவிட்டு நேருக்கு நேர் அமர்ந்தபோதும், அந்த இரவல் உயரம் பேரத்தில் சிறிது நேரம் தங்கியிருந்தது.