கண்ணை முந்தும் காது

டோல்கீனின் சிறுவர் நாவலான ‘தி ஹாபிட்’ கையெழுத்துப் பிரதியைப் போடலாமா வேண்டாமா என்று பார்க்க, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் 10 வயது மகன் ரேனரிடம்தான் கொடுத்தார். கூலி ஒரு ஷில்லிங். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் இது பிடிக்கும் என்று பையன் எழுதிக் கொடுக்க, 1937-ல் புத்தகம் வெளியானது. சரி, 5 வயதுக் குழந்தை முந்நூறு பக்கத்தை எப்படிப் படிக்கும்? படிக்காது, நாம் படிக்கக் கேட்கும்.

எழுத்தைச் சத்தமாக்கும் திறனையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு என்று 1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘கொ’வைப் பார்த்து, முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் ககரம் என்று மூன்றையும் சேர்த்து உச்சரித்து வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள், முதல் சொல் மறந்துபோயிருக்கும். மூளை ஒரு நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். அந்த எழுத்து வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால், குழந்தையின் கவனம் முழுவதும் கதையில் வரும் டிராகன் பக்கம் போய்விடும்.

படமில்லாத கதை என்றால் படத்தையும் குழந்தையேதான் மனதில் வரைந்துகொள்ள வேண்டும். 2015-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை ஸ்கேனரில் படுக்கவைத்துக் கதை கேட்க வைத்தார்கள். வீட்டில் புத்தகப் பழக்கம் அதிகமுள்ளவர்களுக்கு, கேட்டதன் பொருளும் மனக்காட்சியும் கூடும், மூளையின் இடது பக்கப் பின்பகுதி கூடுதலாக வேலை செய்தது. பிள்ளைகள் 19 பேர்தான், ஆகவே ரொம்பத் துள்ள வேண்டாம்.

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வேளச்சேரி ஃப்ளாட்டில் ‘வந்துட்டான்’ கேட்டே வளரும் குழந்தைக்குப் பாடப்புத்தகத்தின் ‘வந்துவிட்டான்’ கிட்டத்தட்ட இரண்டாவது மொழி. அதனால் கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழிலேயே படியுங்கள் என்பேன், பிறகு பள்ளியில் அந்த நடை அந்நியமாக இருக்காது. உரையாடலை மட்டும் பேச்சுத் தமிழில் அவிழ்த்து விடலாம். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறவர்களுக்கு இது இன்னும் வசதி: ‘தி ஹாபிட்’ மூலத்திலேயே மூன்று ட்ரால்களும் (பூதங்கள்) லண்டன் தெருப் பேச்சுதான் பேசும், நம்மூரில் ‘இன்னாடா’ என்று மெட்ராஸ் பாஷையில் இறங்கினால் துரோகம் ஒன்றுமில்லை. குரல் மாறினால் யார் பேசுகிறார்கள் என்று குழந்தையும் தேட வேண்டியதில்லை.

அப்புறம், ‘நேத்து படிச்சதையே படி’ என்ற தொல்லை. 2011-ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 3 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். புதுச் சொற்களை எல்லோரும் அதே எண்ணிக்கையில்தான் கேட்டார்கள்; ஆனால் வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். ஆக, ‘தி ஹாபிட்’டில் நாயகன் பில்போவும் கொல்லம் (Gollum) என்ற குகைவாசியும் விடுகதை போடும் அத்தியாயத்தையே மறுபடி கேட்டால் முகம் சுளிக்காமல் படியுங்கள். முதல் தடவை, அடுத்து என்ன ஆகுமோ என்பதிலேயே கவனம் போய்விடுகிறது; புதுச் சொல்லைப் பிடிக்க அடுத்த தடவைதான் இடம் கிடைக்கிறது.