ஆறிலேயே முடியுது, சேர்

கொழும்பில் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் போய்க் கணினிப் பட்டறை நடத்துவதுதான் சில வருடங்களாக என் பிழைப்பு. போகிற இடமெல்லாம் பெற்றோர் கேட்பது ஒன்றைத்தான்: "ஓ.எல். வருது, ஐ.சி.ரி.யை விடச் சொல்லவா, டான்ஸை விடச் சொல்லவா?"

ஏன் விட வேண்டும்? ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சையில் நடனம், சித்திரம் போன்ற அழகியற் பாடங்கள் ஒரு தொகுதி, ஐ.சி.ரி. எனும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் வேறொரு தொகுதி, இரண்டையும் எடுக்கலாம். அதற்கடுத்த கட்டமான உயர்தரத்துக்கு 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவில்கூட மூன்றாவது பாடமாகச் சித்திரம் எடுக்க இடமிருக்கிறது. வெள்ளவத்தையில் டியூஷன் வாசலில் காத்து நிற்கிற அம்மாமாரிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

போன தவணை தரம் 8 பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் சொல்லிக் கொடுக்கப் போனேன், கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் புரோகிராம் எழுதுகிற மென்பொருள் அது. வழக்கம்போலத் திரையில் வரும் பூனையை நடக்க வைத்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும் என்று, எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போட வைத்தேன். தாளத்தின் முதல் பகுதியான லகுவுக்கு ரிப்பீட் (திரும்பச் செய்யும் கட்டளை) 4, அடுத்த பகுதியான துருதத்துக்கு 2, அடுத்த துருதத்துக்கு இன்னொரு 2, இந்த மூன்றையும் பெரிய ரிப்பீட் ஒன்றுக்குள் போட்டுவிட்டால் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் முழுச் சுற்று, தன்பாட்டில் சுற்றும். ஒரு குழு கடைசித் துருதத்தை மறந்துவிட்டது. திரையைப் பார்த்த எனக்கே பிழை பிடிபடவில்லை, ஆனால் சத்தம் கேட்டதும், அதுவரை மவுஸைத் தொடாமல் பின்வரிசையில் இருந்த, பரதம் பழகும் பிள்ளை ஒன்று "ஆறிலேயே முடியுது, சேர்" என்றது. அப்புறம் யாரோ வெயிட்டை, அதாவது அடிகளுக்கு இடையில் காத்திருக்கும் நேரத்தை, ஒரு வினாடியிலிருந்து அரை வினாடியாக்க, இரட்டை வேகமான இரண்டாம் காலம் வந்துவிட்டது. அதை நான் சொல்லிக் கொடுக்கவேயில்லை!

இப்படி நடனத்தையும் கணினியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஸ்கிராட்சை ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். கணினி போதாதா, ஒன்றுக்கு மூன்று பேரை இருத்துங்கள்: ஒருவர் மவுஸ், ஒருவர் தாளம், ஒருவர் கொப்பியில் எழுதட்டும், பிறகு இடம் மாறட்டும். நேரம்தான் சிக்கல். ஒரு பாடவேளையில் கணினி திறந்து பிள்ளைகள் அடங்கவே கால்வாசி போய்விடும், அதனால் நடனத்தையும் கணினியையும் அடுத்தடுத்த பாடவேளையாகப் போட்டுத் தரச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள். புது ரோபோ கிட் வாங்கித் தரச் சொல்லாதீர்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பெட்டிகூடப் பிரிக்காமல் அலுமாரியில் கிடக்கிற கிட்டுகளை நான் போதுமானளவு பார்த்துவிட்டேன்.

அந்தப் பாடசாலை நடன ஆசிரியை அன்றைக்குக் கதவடியில் நின்றுதான் பார்த்தார், உள்ளே வரவில்லை. அடுத்த கிழமை நான் போனபோது கணினி அறைத் திறப்பு அவர் கையில் இருந்தது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவை மூன்றும் நாலுமாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தாராம், வெயிட் மட்டும் சரியாக வரவில்லையாம்.