பிரிண்டருக்கு வரிசை, சீரியல் போர்ட்டுக்குப் பூட்டு

ஒரே கணினியில் பலர் வேலை செய்யும்போது பிராசஸரைப் பங்கிடுவது பெரிய காரியமில்லை. ஒருவருடைய நிரலைச் சில மில்லி விநாடிகள் ஓட்டி, அது நின்ற நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்தவருடையதை ஓட்டலாம். நினைவகத்தையும் பாகம் பிரித்துக் கொடுத்துவிடலாம். பிரிண்டரிடம் இது பலிக்காது. தாளில் பட்ட மையைத் திரும்ப எடுக்க முடியாதே! நடுவில் யாரும் ஒழுங்குபடுத்தாவிட்டால் ஒருவருடைய கடித வரிகளுக்கு இடையே மற்றவருடைய கணக்குப் பட்டியல் வந்து உட்காரும்.

மோடம் போன்ற கருவிகளோடு கணினி ஒவ்வொரு பிட்டாகத் தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு வாயில்தான் சீரியல் போர்ட். அதிலும் இதே மோதல் வரும். ஆனால் இயங்குதளம் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

பிரிண்டரை, முதலில் கேட்டவரிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன? செய்யலாம். ஆனால் அவருடைய நிரல் பத்து வரிகளை அச்சுக்கு அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், அத்தனை நேரமும் பிரிண்டர் சும்மா கிடக்கும். மற்றவர்களும் காத்துக் கிடப்பார்கள். அதனால் பயனர்கள் யாரையும் பிரிண்டரைத் தொடவே விடாத முறை வந்தது. அதற்கு ஸ்பூலிங் என்று பெயர். அச்சிட வேண்டியதை நிரல் வட்டில் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பின்னணியில் ஓடும் ஒரே ஒரு நிரலிடம்தான் பிரிண்டர் போர்ட் இருக்கும். அது முழுதாக வந்து சேர்ந்த கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக்கு அனுப்பும். யுனிக்ஸில் எல்பிடி என்ற நிரல் செய்த வேலை இது. இன்று லினக்ஸிலும் மேக்கிலும் கப்ஸ் அதைச் செய்கிறது.

அச்சுத் தரவு பெரும்பாலும் ஒரே திசையில் போவதும், காத்திருந்தாலும் கெட்டுப்போகாததும்தான் இதைச் சாத்தியமாக்குகின்றன. பத்து நிமிடம் தாமதமாக அச்சானாலும் கடிதம் அதே கடிதம்தான்.

சீரியல் போர்ட்டில் நடப்பது உரையாடல். தொலைபேசி வழியே கணினியை இணைக்கும் மோடத்திடம் ஒரு கட்டளை சொன்னால் அது பதில் தரும். அந்தப் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த கட்டளையை முடிவு செய்ய முடியும். இதை முன்கூட்டியே கோப்பில் எழுதி வரிசையில் நிறுத்த வழியில்லை. இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைத் திறந்து படித்தால் விளைவு இன்னும் மோசம். வந்து சேரும் ஒவ்வொரு பைட்டும் ஏதாவது ஒரு நிரலுக்குத்தான் போகும். பதிலில் பாதி இங்கே, பாதி அங்கே என்று சிதறிவிடும்.

அதனால் இங்கே பூட்டு வேண்டும். யுனிக்ஸ் உலகில் பழகிப்போன முறை, பூட்டுக் கோப்பு. போர்ட்டைத் திறக்கும் முன் நிரல் ஒரு குறிப்பிட்ட அடைவில் அந்தப் போர்ட்டின் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் தன் பிராசஸ் எண்ணை, அதாவது ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் தனி எண்ணை, எழுதும். அடுத்து வரும் நிரல் அந்தக் கோப்பைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். பூட்டியவரே திடீரென்று செத்துவிட்டால்? கோப்பில் இருக்கும் எண்ணில் இப்போது எந்த பிராசஸும் ஓடவில்லை என்றால் அது செத்த பூட்டு. அழித்துவிட்டுப் போர்ட்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை எழுதி வைக்கும் சின்ன ஏற்பாட்டை நான் மிகவும் ரசிக்கிறேன். ஆனால் கவனம்: "கோப்பு இருக்கிறதா?" என்று பார்ப்பதும் அதை உருவாக்குவதும் இரண்டு தனிப் படிகளாக இருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் இன்னொரு நிரல் நுழைந்துவிடும். இரண்டையும் ஒரே செயலாக முடித்துத் தரும்படி இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிடம் கேட்க வேண்டும்.

பூட்டுக் கோப்பு ஒரு மரியாதை ஒப்பந்தம்தான். அதைப் பார்க்காத நிரலை அது தடுக்காது. உறுதியாகத் தடுக்க வேண்டுமென்றால், இனி யாருக்கும் திறக்காதே என்று கர்னலிடமே சொல்லலாம். அதன் பிறகு திறக்க முயலும் சாதாரணப் பயனருக்குச் சாதனம் உபயோகத்தில் இருப்பதாகப் பிழைச் செய்தி வரும்.

யார் தொடலாம் என்பது தனிக் கேள்வி. டெபியன் வகை லினக்ஸில் சீரியல் போர்ட்டுகள் டயல்அவுட் என்ற குழுவுக்கு உரியவை. அந்தக் குழுவில் பயனரைச் சேர்த்த பிறகும் அனுமதி மறுக்கப்படுவதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் புதிய உறுப்புரிமை செல்லுபடியாகும். போர்ட்டின் மறுமுனையில் டெர்மினல், அதாவது ஒருவர் உட்கார்ந்து வேலை செய்யும் திரையும் விசைப்பலகையும், இருந்தால் கதை வேறு. அதில் உள்நுழைபவருக்கே அந்தப் போர்ட் அப்போதைக்குச் சொந்தமாகும். அவர் வெளியேறியதும் நிர்வாகிக்குத் திரும்பிவிடும்.

பூட்டு என்று வந்தாலே முட்டுக்கட்டையும் கூடவே வரும். ஒரு நிரல் முதல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கிறது. இன்னொன்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருக்கிறது. இரண்டுமே நகராது. எல்லா நிரல்களும் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு என்ற ஒரே ஒழுங்கில் போர்ட்டுகளைப் பிடித்தால் இந்த வட்டம் உருவாகாது. ஸ்பூலரிடம் விட்ட பிரிண்டருக்கு இந்தக் கவலை இல்லை, பயனரின் நிரல் அதைக் கையில் பிடிப்பதே இல்லையே.

யூஎஸ்பி சீரியல் கேபிள்கள் வந்த பிறகு பெயரும் ஒரு பிரச்சினையாகிவிட்டது. லினக்ஸ் அவற்றைக் கண்டுபிடிக்கும் வரிசையில் 0, 1 என்று எண் தருகிறது. இன்று 0 ஆக இருந்த கருவி நாளை கணினியைத் திரும்பத் தொடங்கும்போது 1 ஆகலாம். அப்புறம் பூட்டும் அனுமதியும் சரியாக இருந்தாலும் கட்டளை தவறான கருவிக்குப் போகும். இதற்காகவே, லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் நிரலான யுடெவ், கருவியின் தயாரிப்பாளர் பெயரையும் தயாரிப்பாளர் அதில் பதித்த தனி எண்ணையும் கொண்டு மாறாத இன்னொரு பெயரையும் உருவாக்கி வைக்கிறது. கருவியில் அப்படித் தனி எண் இருந்து, நிரலின் அமைப்பில் அந்த நீளமான பெயரை எழுதினால், கேபிளை எந்தத் துளையில் செருகினாலும் அதே கருவிதான் திறக்கும்.