சிவந்த சிறுநீரும் மஞ்சள் கண்ணும்

விசுவமடுப் பக்கத்திலிருந்து சென்ற கிழமை எங்கள் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு ஓர் ஐயா வந்தார். காசநோய்க்குக் குளிசை தொடங்கிப் 11ஆம் நாளே நிறுத்தியிருக்கிறார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதாம்; குளிசையின் சூட்டில் ஈரல் எரிந்துவிட்டது என்று மைத்துனர் சொன்னாராம். பரியாரியிடம் செங்கண்மாரிக்கு, அதாவது மஞ்சள் காமாலைக்கு, மருந்து குடித்து, இரண்டு மாதம் கழித்துச் சளியில் இரத்தத்தோடு வந்து நிற்கிறார். இந்தக் காலபோகத்துக்குள் மட்டும் இதே கதையோடு வந்த நான்காவது ஆள் இவர்.

திரும்பவும் சொல்கிறேன். நீங்கள் விழுங்கும் குளிசையில் ரிபாம்பிசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதன் நிறமே செங்கல் நிறம். விழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீர் செம்மஞ்சளாகும். வியர்வையிலும் கண்ணீரிலும் எச்சிலிலும்கூடச் சாயம் ஏறும். வெள்ளைச் சட்டையில் கறை படியும். அது இரத்தமல்ல, சூடுமல்ல, செங்கண்மாரியுமல்ல. பீட்ரூட் கறி சாப்பிட்ட மறுநாள் ஈரல் போய்விட்டது என்று யாராவது அழுகிறோமா? இளநீர் குடித்தாலும் இந்த நிறம் போகாது, போகவேண்டியதுமில்லை. உண்மையில், நிறம் மாறவே இல்லை என்றால்தான் குளிசை வயிற்றுக்குள் போனதா, வேலிக்கு அப்பால் போனதா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

ஆனால் ஈரலைப் பற்றிய பயம் முழுப் பொய்யுமல்ல. தொடக்கத்தில் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைட் ஆகிய மூன்றும் சிலருக்கு ஈரலைத் தாக்கும், பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள். முதலில் சோற்றைக் கண்டாலே வெறுப்பு வரும். பிறகு ஓங்காளம், சத்தி, வலது விலாவுக்குக் கீழே நோ. அதன் பிறகே கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். முழங்காவிலில் ஓர் அம்மா மஞ்சள் கண்ணோடும் சத்தியோடும் ஒன்பது நாட்கள் ஒரு வேளையும் தவறாமல் குளிசை விழுங்கியிருந்தார். என்ன வந்தாலும் நிறுத்தக்கூடாது என்று அவரை மிரட்டி வைத்திருந்தவர்கள் நாங்கள்தான். அதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

ஆகவே சிறுநீரைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் மஞ்சளாகத்தான் தெரியும்; காலையில் முற்றத்தில் நின்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் தெரிந்தால், அல்லது சத்தி நிற்காவிட்டால், அன்றைய குளிசையை விழுங்காமல் அன்றைக்கே மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு வாருங்கள். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இரத்தம் பரிசோதித்து, ஈரல் தேறிய பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவோம். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தோம். இப்போது முழுதாகக் குளிசை எடுக்கிறார்.

சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, மீதி நான்கு மாதம் இரண்டு மருந்து. அதுவரை சாராயம், கசிப்பு, கள்ளு எதுவும் வேண்டாம். பனங்கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி என்று எனக்கே பாடம் எடுப்பவர்கள் உண்டு. ஈரலுக்கு அது மதுதான். காய்ச்சல், உளைவு என்று பனடோலை அள்ளிப் போடாதீர்கள். கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்கள் கட்டாயம் எங்களிடம் சொல்ல வேண்டும், ரிபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஏச மாட்டேன், மறைத்தால்தான் ஏசுவேன்.

நெல் வெட்டு வந்தால் கிளினிக் வாங்குகள் காலியாகிவிடும். ஒரு மாதத்தில் இருமல் குறைந்து உடம்பு தேறியவுடன் நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். கிருமி அப்படி நினைப்பதில்லை. இடையில் விட்டால் அடுத்த முறை இதே மருந்துக்கு அது பணியாமல் போகலாம்.

கிருமி மருந்துக்குப் பணிகிறதா என்று பார்க்கத்தான் விசுவமடு ஐயாவின் சளியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். அவரோடு ஒரே வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள் படுத்து எழும்புகிறார்கள். நாளைக் காலை பஸ்ஸில் அவர்களையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.