தீவு மேற்கே போய்க்கொண்டிருக்கிறது

1999 ஜூன் மாதம், அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹாட்டெரஸ் முனையில் இருந்த கலங்கரை விளக்கத்தை அடியோடு தூக்கி மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள். 60 மீட்டருக்கு மேல் உயரம், ஏறத்தாழ 4,400 டன் எடை. 880 மீட்டர் தூரத்தைக் கடக்க 23 நாள் ஆனது. 1870-ல் விளக்கேற்றியபோது கடல் சுமார் 450 மீட்டர் தள்ளி இருந்ததாம், 1999-ல் 40 மீட்டர்கூட இல்லை.

விளக்கு இருக்கும் டேர் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) அதே 1870-ல் பிறந்ததுதான். 1587-ல் ரோனோக் தீவில் பிறந்த வர்ஜீனியா டேரின் பெயர் அதற்கு. அமெரிக்காவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த முதல் குழந்தை அவள். உதவி கேட்டு இங்கிலாந்து போன தாத்தா ஜான் ஒயிட் 1590-ல் திரும்பி வந்தபோது குடியேற்றத்தில் ஒரு ஆள்கூட இல்லை, கம்பத்தில் 'குரோட்டோவான்' என்று பக்கத்துத் தீவு ஒன்றின் பெயரைச் செதுக்கியிருந்ததுதான் மிச்சம். அந்த மர்மத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஊர் மணலைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

கவுண்டியின் கடலோரம் முழுக்க அவுட்டர் பேங்க்ஸ் எனப்படும் ஒல்லியான மணல் தீவுகள். உட்புறம் பாம்லிகோ என்ற ஆழம் குறைந்த காயல், மறுகரை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அகலம். 1524-ல் வெரசானோ என்ற மாலுமி மணலுக்கு அப்பால் தெரிந்த இந்தத் தண்ணீரைப் பார்த்து, பசிபிக் பெருங்கடலே வந்துவிட்டது என்று நம்பிவிட்டார்!

சரி, தீவு எப்படி நகர்கிறது? பெரும்புயலில் அலை தீவின் மேலேயே ஏறிக் கடந்து, முன்பக்கத்து மணலை வாரிக்கொண்டு போய்க் காயல் பக்கம் கொட்டுகிறது. அந்தப் புது மணலில் சதுப்புப் புல் முளைக்கிறது. முன்னால் தேய்ந்தது பின்னால் சேர்ந்துவிடுகிறது, அதாவது தீவு அழியாமல் தன்மேலேயே புரண்டு மேற்கே போகிறது. இதற்கு அத்தாட்சி கடற்கரையிலேயே கிடக்கிறது: ஒருகாலத்தில் காயல் ஓரத்தில் புல் மக்கி உண்டான கரிய சேறு, இப்போது சில இடங்களில் கடல் பக்கம் அலையடியில் தலைகாட்டுகிறது. தீவு அதன்மேல் ஏறிக் கடந்துபோய்விட்டது.

சில சமயம் தீவு அறுபடுவதும் உண்டு. 1846 செப்டம்பரில் வந்த புயல் முதலில் காயல் நீரை உள்ளே தள்ளிக் குவித்தது. அப்புறம் காற்று திசை மாறியதும், குவிந்த நீர் உள்ளிருந்து வெளியே பாய்ந்து மணலை உடைத்தது. ஆரகன் முகத்துவாரம் அப்படித் திறந்ததுதான், அன்றிலிருந்து அதுவும் 3 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்திருக்கிறது.

1930-களில் அரசு கரை நெடுக மணல்மேடு எழுப்பிப் புல் நட்டது. நல்ல எண்ணம்தான், ஆனால் சிறு புயல்களின் அலை மேட்டைத் தாண்டாததால் பின்பக்கத்துக்கு மணல் போகவில்லை, முன்பக்கத் தேய்மானம் மட்டும் நிற்கவில்லை. மேட்டை நம்பி நெடுஞ்சாலை வந்தது, வீடுகள் வந்தன. இப்போது பெரும்புயல் மேட்டை உடைத்து மணலைச் சாலையில் கொட்டினால், புல்டோசரால் வாரி மறுபடி கடல் பக்கமே குவிக்கிறார்கள். தீவு பின்பக்கம் போட நினைத்த மணலை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினால் அது மெலியாமல் என்ன செய்யும்? ரொடாந்தே என்ற ஊரில் 2020-க்குப் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலில் சரிந்துவருகின்றன.

ஆரகன் முகத்துவாரத்தின் மேல் 1963-ல் கட்டிய பாலத்தில் படகு போக ஒரே ஒரு உயரமான இடைவெளிதான். ஆழமான தடம் வேறு பக்கம் போகும்போதெல்லாம் மணலைத் தோண்டி, அந்த இடைவெளிக்கே திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2019-ல் திறந்த புதிய பாலத்தில் அப்படி உயரமான இடைவெளிகள் பல வைத்திருக்கிறார்கள், தடம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் படகு அதன் பின்னாலேயே போய்க்கொள்ளலாம்.