ஆலையின் உப்புச் சாரல்: அளவைக் கேட்டுப் பெறுவது எப்படி?

ஆலையின் சூட்டைத் தணிக்கக் கடல்நீரைச் சுழற்றி, உப்புத் துளிகளைச் சாரலாக வெளிவிடும் குளிர்விப்புக் கோபுரத்துக்கு அருகில் நிலம் வைத்திருப்பவர், இலை நுனி கருகுகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ மனுக் கொடுத்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "காற்றின் தரம் வரம்புக்குள் உள்ளது" என்பதுதான். இந்த ஒற்றை வரியோடு ஊர் திரும்பியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் அறிவித்த காற்றுத் தர வரையறையின் 12 பொருள்களில் உப்பு இல்லை. 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களை அளக்கும் கருவியில், கோபுரத்திலிருந்து வரும் பெருந்துளிகள் சிக்குவதும் இல்லை. அதாவது, நீங்கள் கேட்டதை எவரும் அளக்கவே இல்லை.

விடாமல் கேட்டால், "சுழலும் நீரில் 0.0005 விழுக்காடுதான் வெளியேறுகிறது" என்பார்கள். மணிக்கு 1,00,000 கனமீட்டர் சுழலும் ஆலையில் அது அரை கனமீட்டர். சுண்டிய கடல்நீரில் கனமீட்டருக்கு 45 கிலோ உப்பு எனக் கொண்டால், நாளொன்றுக்கு 540 கிலோ. அதுவும் கோபுரத்தில் நீர்த்துளி வெளியேறாமல் பிடிக்கும் துளித்தடுப்பான்கள் உடைசல் இல்லாமல் இருக்கும்போது!

ஆகவே தகவல் அறியும் உரிமை மனுவில் "மாசு அறிக்கை" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். துளித்தடுப்பான் கடைசியாக எந்த நாளில், எந்த முறையில் சோதிக்கப்பட்டது, சுழலும் நீரின் உப்பளவு என்ன, சுற்றியுள்ள நிலத்தில் மாதந்தோறும் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ உப்பு படிகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். "இது எங்கள் துறை அல்ல" என்று மனுவைத் திருப்பித் தர அவர்களுக்கு உரிமை இல்லை. பிரிவு 6(3)இன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பியாக வேண்டும்.

பலர் தோற்றுப்போவது "அது கடற்காற்றின் உப்பு" என்ற வாதத்தில்தான். உங்கள் வயலில் மட்டும் மாதிரி எடுத்தால் இதற்கு மறுமொழி இராது. கடலிலிருந்து ஒரே தொலைவில், கோபுரத்துக்குக் காற்று வரும் பக்கத்திலும் காற்று போகும் பக்கத்திலும், ஒரே வாயகலமுள்ள தட்டுகளை ஒரே நாள்களில் வைத்து, காற்றின் திசையையும் தேதியோடு குறித்து வையுங்கள். மழை பெய்த மறுநாள் இலை மாதிரி எடுப்பது வீண்; உப்பு கழுவப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது கெடு. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் பிரிவு 14இன்கீழ்ச் சாரலைத் தடுக்கக் கோர, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதமே உண்டு. பிரிவு 15இன்கீழ் இழப்பீடு கோர 5 ஆண்டு. தக்க காரணம் காட்டினால் இரண்டுக்கும் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அதற்கு மேல் இல்லை. வாரியத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்த மாதங்கள் இதில் கழிக்கப்படுவதில்லை என்பதால், அவர்களின் பதிலுக்காகக் காத்திருந்து வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.