பாலிகிராஃப்: தமிழில் மெய்ப்பாட்டு வரைவி

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் விடிகாலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளில் பலர் ஏதாவது ஒரு சீருடை வேலைக்குத் தயாராகிறவர்கள். துறைமுக வாசலிலும் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்காரர்கள் காவல் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓடி முடிப்பதற்கு அவர்கள் அஞ்சுவதில்லை. “அண்ணா, செலக்‌ஷன்ல பொய் கண்டுபிடிக்கிற மெஷின் வைப்பாங்களாமே?” என்று கேட்கும்போதுதான் குரல் இறங்குகிறது.

வைப்பதில்லை. அதைப் பிறகு பார்ப்போம். அந்தப் பயத்தில் பாதி, கருவிக்கு நாம் வைத்த பெயரால் வந்தது. முதலில் பெயரைச் சரி செய்வோம்.

ஆங்கிலத்தில் அந்தக் கருவியின் பெயர் பாலிகிராஃப். ‘பாலி’ என்றால் கிரேக்கத்தில் பல. ‘கிராஃப்’ என்பதன் வேருக்கு எழுதுதல், வரைதல் என்று பொருள். பலவற்றை வரைவது, அவ்வளவுதான். பொய்யும் உண்மையும் இந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை. 1803இல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் காப்புரிமை வாங்கிய பாலிகிராஃப், கடிதத்துக்கு நகல் எடுக்கும் மரப்பொறி. ஒரு பேனா எழுத எழுத, அதோடு பிணைத்த இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன் அதை விரும்பிப் பயன்படுத்தினார். பிறகு ஜேம்ஸ் மெக்கன்சி என்ற இதய மருத்துவர், தமனித் துடிப்பையும் சிரைத் துடிப்பையும் ஒரே நேரத்தில் மையால் வரையும் கருவிக்கு இந்தப் பெயரை வைத்தார். காவல்துறைக்கு அது வந்தது 1921இல். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவலர் ஜான் லார்சன், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பதிந்தார். ‘பொய் கண்டுபிடிப்பான்’ என்ற பட்டத்தை ஊரெல்லாம் பரப்பியவை செய்தித்தாள்கள்.

இன்றைய கருவியும் அதே வழியில் வந்ததுதான். மார்பில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய் கட்டுவார்கள். மூச்சு ஏறி இறங்குவது பதிவாகும். பிரஷர் பார்க்கும் பட்டை ஒன்று கையில் இறுகியிருக்கும். இரண்டு விரல்களில் மாட்டும் தகடுகள் வியர்வையால் தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று காட்டும். கேள்வி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. “இந்த நாட்டின் இரகசியத்தை வெளியே கொடுத்திருக்கிறீர்களா?” என்பது முக்கியக் கேள்வி. “உங்களை நம்பியவரை எப்போதாவது ஏமாற்றியது உண்டா?” என்பது ஒப்பீட்டுக் கேள்வி. நேர்மையானவருக்கு இரண்டாவது கேள்வியில்தான் அதிகம் உறுத்தும், குற்றம் செய்தவருக்கு முதல் கேள்வியில் படபடக்கும் என்பது கணக்கு. தேசத் துரோகியா என்று கேட்டவுடனே நெஞ்சு அடித்துக்கொள்ளும் நல்லவருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

நம் நாளிதழ்கள் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்று எழுதுகின்றன. ஊசி மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் கேள்வி கேட்கும் நார்கோ சோதனைக்கும் அதே பெயர்தான். இரண்டும் வேறு வேறு. அதைவிடப் பெரிய சிக்கல், கருவி செய்யாத வேலையைப் பெயர் செய்து முடித்துவிடுகிறது.

தமிழில் இதற்கு அருமையான சொல் தயாராக இருக்கிறது: மெய்ப்பாடு. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் அப்படித்தான் சொல்கிறது. அதற்கென்று மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள். பொய் அந்த எட்டில் இல்லை. பொய்க்கென்று தனியாக ஓர் உடற்குறி கிடையாது என்றுதான் இன்றைய அறிவியலும் சொல்கிறது. அச்சம் எதனால் வரும் என்பதற்கு, அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை என்று நான்கு காரணங்களை அந்த நூல் அடுக்குகிறது. ‘இறை’க்கு அரசன் என்றும் பொருள். வேலை கேட்டு அரசாங்கத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வியர்க்க இந்த நான்காவது காரணமே போதும். அதனால் ‘மெய்ப்பாட்டு வரைவி’ என்பதே என் பரிந்துரை.

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் இந்தச் சோதனையை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. அரசுக்கு விலக்கு கொடுத்தது. சிஐஏ, என்எஸ்ஏ என்ற உளவு அமைப்புகள், எஃப்பிஐ என்ற புலனாய்வு அமைப்பு மூன்றிலும் ஆளெடுப்பில் இன்றும் உண்டு. ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற சிஐஏ அதிகாரி ரஷ்யர்களுக்கு உளவு சொல்லிக்கொண்டே 1986, 1991 இரண்டு முறையும் தேறினார். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2003 அறிக்கையில் போட்ட மாதிரிக் கணக்கு இன்னும் கொடுமை. 10,000 பேரில் 10 உளவாளிகள் இருப்பதாக வைத்துக்கொண்டு அவர்களில் 8 பேரைப் பிடிக்கும்படி அளவுகோலை வைத்தால், தேறாதவர்கள் சுமார் 1,606 பேர். அதில் 1,598 பேர் குற்றமற்றவர்கள்.

இங்கே காவலர் தேர்விலும் மத்தியப் படைகளின் காவலர் தேர்விலும் எழுத்து, உடற்தகுதி, மருத்துவம், சான்றிதழ் சரிபார்ப்பு, அப்புறம் காவல் நிலையம் வழியாக முன்நடத்தை விசாரணை. கருவி இல்லை. குற்ற வழக்கிலேயே ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனை நடத்தக் கூடாது என்று 2010 மே 5இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளைகள் கவனம் வைக்க வேண்டியது விசாரணைப் படிவத்தில். வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கும் இடத்தில், விடுதலையான வழக்காக இருந்தாலும் எழுதிவிட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் வேலையே போகலாம். வடசென்னை முகவரிக்கே சந்தேகப் பார்வை விழும் ஊரில் இது கஷ்டம்தான், ஆனாலும் எழுதுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு: ‘மெய்ப்பாட்டு வரைவிச் சோதனையில் மூச்சிலும் வியர்வையிலும் மாற்றம் பதிவானது’ என்று எழுதலாம். ‘பொய் சொன்னது கண்டறியப்பட்டது’ என்று எழுதக் கூடாது.